அண்டை நாடுகளின் டெண்டர் நடைமுறைகளை நம் ஊராட்சியில் பொருத்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊராட்சி, பேரூராட்சி, ஒன்றிய அலுவலகம் ஆகியவற்றில் டெண்டர் கோப்பு பார்ப்பவர்களுக்காகவும், அந்தக் கோப்பைக் கேள்வி கேட்கும் வார்டு உறுப்பினர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் கடந்த இருபது ஆண்டுகளில் அரசு கொள்முதல் முறையைத் திருத்தி எழுதியிருக்கின்றன. அவற்றில் எதை நாம் எடுக்கலாம், எந்த வரிசையில் எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

உதாரணத்துக்கு ஒரே பொருளைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்று, ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்குகிறது. சாலைக்கும் தெருவிளக்குக்கும் இதே வரிசைதான். அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் 2000ஆம் ஆண்டு விதிகள், திருத்தங்களோடு. உங்கள் துறையின் நடப்பு அரசாணைகள். கடந்த இரண்டு நிதியாண்டுகளின் டெண்டர் கோப்புகள், குறிப்பாக மறுடெண்டருக்குப் போனவை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (டெண்டர் தளத்தில் கையெழுத்திடக் கணினியில் செருகும் சாவி), அது காலாவதியாகும் தேதி.

கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் டோக்கன் காலாவதி என்று தெரிந்தால், அன்றைய திறப்பு நின்றுபோகும். ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்ற கேள்விக்கு எந்தக் காரணம் சொன்னாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

1. முதலில் நம் சட்டத்தின் எல்லையைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் நேபாள விதியைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே டெண்டர் நிபந்தனையில் சேர்த்துவிடுகிறார்கள். நம் சட்டத்தில் இடமில்லாத நிபந்தனை என்று யாராவது மேல்முறையீடு போனால் டெண்டரே ரத்தாகும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் நம் சட்டம், பிறகுதான் அண்டை நாட்டு விதி.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், அலுவலகம் தானாகவே செய்யக்கூடியவை: கால அட்டவணை, பொருள் விவரக்குறிப்பு எழுதும் முறை, பணியிடப் பலகை, பதிவேடு. இரண்டாவதில், டெண்டர் ஆவணத்தில் சேர்த்தால் போதும் என்றவை: சோதனை முறை, கேள்விகளுக்கு விடை தரும் தேதி, உத்தரவாதக் காலம். மூன்றாவதில், அரசாணை இல்லாமல் முடியாதவை: வைப்புத்தொகைச் சூத்திரம், விலை உச்சவரம்பு, முறையீட்டு அமைப்பு.

முதல் இரண்டு பத்திகளில்தான் உங்கள் வேலை. மூன்றாவது பத்தியைக் கோரிக்கையாக மேலே அனுப்பலாம், அவ்வளவுதான். நம் விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு ஒப்பந்தப்புள்ளி தரக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேல் அதிகாரி எழுத்தில் காரணம் பதிய வேண்டும். இது குறைந்தபட்சம்தான். 21 நாள் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சட்டம் இப்படிக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் இடங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த நாட்டில் எதைத் தேடுவது

வங்கதேசத்தில் 2006 சட்டமும் 2008 விதிகளும் அடிப்படையாக அமைந்தன. 2011இல் மின்னணுக் கொள்முதல் தளம் நான்கு பெரிய துறைகளோடு தொடங்கியது. அங்கே பார்க்க வேண்டியது ஒப்பந்த விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடும் முறையும், வேலை நடக்கும்போது உள்ளூர் மக்களைக் கண்காணிப்பில் சேர்த்த முயற்சியும். நேபாளத்தில் 2007 சட்டத்தையும் விதிகளையும் எடுத்து, தேர்வான பிறகு தரும் முன்னறிவிப்பையும் மிகக் குறைந்த விலைக்கான வைப்புத்தொகையையும் பாருங்கள். இலங்கையில் கொள்முதல் வழிகாட்டல்களின் கால அட்டவணைப் பகுதி. இலங்கை அறிவிப்புகள் தமிழிலும் வருவது நமக்கு வசதி. கொள்முதலுக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் அங்கே வழங்கும் சொற்களான ‘பெறுகை’, ‘விலைமனு’ என்று தேடினால்தான் கிடைக்கும்.

விதியை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். அந்த நாட்டுத் தணிக்கைத் துறை அதே விஷயத்தில் என்ன குறை எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். விதிப் புத்தகத்தில் எல்லா நாடும் யோக்கியம்தான். தணிக்கைக் குறிப்பில்தான் நடப்பு தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. தனி அமைப்பு ஒன்றை நம்பி நிற்கும் நடைமுறையை எடுக்க வேண்டாம். இலங்கையின் தேசியக் கொள்முதல் ஆணைக்குழு 2015இல் 19ஆம் திருத்தத்தில் வந்தது, 2020இல் 20ஆம் திருத்தத்தில் போனது, 2022இல் 21ஆம் திருத்தத்தில் மீண்டும் வந்தது. நம் பக்கத்திலேயே ஆந்திராவில், 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கட்டமைப்புப் பணிகளின் டெண்டரை நீதிபதி முன்கூட்டியே பார்க்கும் சட்டம் 2019இல் வந்து 2024இல் விலக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் நிற்பது அலுவலகத்தின் அன்றாடப் பழக்கம்தான்.

3. தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இலங்கை வழிகாட்டல்களில் எடுக்க வேண்டிய முதல் பழக்கம் இது. வரும் ஆண்டுகளுக்கான கொள்முதல் திட்டம் ஒன்று. ஒவ்வொரு கொள்முதலுக்கும் எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்ற அட்டவணை ஒன்று. இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

நம் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கோடைத் தட்டுப்பாட்டுக்கு முன், மார்ச் 1ஆம் தேதி தண்ணீர் ஏற வேண்டும். அங்கிருந்து பின்னால் வாருங்கள்: சப்ளையும் பொருத்துதலும் 30 நாள், ஒப்பந்தமும் பணி ஆணையும் 10, ஏற்பு முடிவு 7, ஆய்வு 10, டெண்டர் அவகாசம் 15, ஆவணமும் தொழில்நுட்ப அனுமதியும் 15, கிணற்று அளவீடும் மதிப்பீடும் 15. மொத்தம் 102 நாள். யாரும் வராமல் போனாலோ, அனுமதி தாமதமானாலோ என்று 18 நாள் கையிருப்பு. ஆக 120 நாள். அதாவது நவம்பர் 1ஆம் தேதி வேலை தொடங்க வேண்டும். உள்ளாட்சிகள் தினக் கிராம சபை கூடும் நாளும் அதுவே என்பதால், தேவையை அங்கேயே தீர்மானமாகப் போட்டுவிடலாம்.

வழக்கமாக நடப்பது வேறு. பிப்ரவரி கடைசியில் மோட்டார் எரியும், மார்ச்சில் நிதி தீரப்போகிறது என்ற பதற்றம் வரும், ஒரே கொள்முதலை மூன்று சின்னச் சின்ன பில்லாகப் பிரித்து டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவருவார்கள். தணிக்கையில் முதலில் மாட்டுவது இதுதான். மோட்டார் ஒரு பில், கேபிள் ஒரு பில், பைப் ஒரு பில், மூன்றிலும் ஒரே வாரத்துத் தேதி என்றால், பிரித்தது ஏன் என்று சொல்ல யாராலும் முடியாது.

மலைக் கிராமங்களுக்குக் கையிருப்பு நாளைக் கூட்டுங்கள். வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற இடங்களில் மழைக்காலத்தில் லாரி ஏறுவதை நம்பித் தேதி போடக் கூடாது.

4. பொருள் விவரக்குறிப்பு: பாதிச் சண்டை இங்கேதான்

“5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், 1 எண்” என்று எழுதி டெண்டர் விட்டால் வருவது 5 எச்.பி. மோட்டார்தான். தண்ணீர் வருமா என்பது வேறு கேள்வி.

மோட்டார் எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ள வேண்டும் என்பதை எழுத வேண்டும். அதற்குக் கிணற்றில் நான்கு அளவு எடுங்கள்: துளையின் விட்டம் (நம் பகுதியில் பெரும்பாலும் ஆறரை அங்குலம், 165 மில்லிமீட்டர்), மொத்த ஆழம், மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே இறங்கி நிற்கிறது, கிணறு தொடர்ந்து தரும் நீரளவு. மோட்டார் நிற்கும்போது இருக்கும் நீர்மட்டத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓடத் தொடங்கியதும் மட்டம் பல மீட்டர் இறங்கும், அப்போது தொட்டிக்கு நீர் ஏறாது.

கணக்கைப் பாருங்கள். ஓடும்போது நீர்மட்டம் 130 மீட்டர் கீழே. மேல்நிலைத் தொட்டிக்கு 15 மீட்டர். குழாய் உராய்வுக்கு 5. ஆக 150 மீட்டர். 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட், பம்பின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் 150 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர்தான் வரும். 30,000 லிட்டர் தொட்டி நிரம்ப ஆறேகால் மணி நேரம். அவ்வளவு நேரம் மும்முனை மின்சாரம் கிடைக்குமா, கிணறு தாங்குமா என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டுவிட்டு எச்.பி.யை முடிவு செய்யுங்கள். அவரைக் கேட்காமல் எழுதிய விவரக்குறிப்பு எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலும் நம்புவதற்கில்லை.

பிறகு எழுதுங்கள்: 150 மீட்டரில் நிமிடத்துக்குக் குறைந்தது 80 லிட்டர், பம்ப்செட் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய எண்) 8034 தரம், மோட்டார் ஐ.எஸ். 9283 தரம், தாமிரக் கேபிள், நீளமும் குறுக்களவும், குறைந்த மின்னழுத்தத்திலும் தண்ணீர் இல்லாத ஓட்டத்திலும் தானே நிற்கும் பாதுகாப்புள்ள பேனல் போர்டு, இறக்கிப் பொருத்தும் கூலி உட்பட, ஜி.எஸ்.டி. உட்பட. கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டால் ஒருவர் வரியோடு விலை போடுவார், இன்னொருவர் வரி இல்லாமல் போடுவார். யார் குறைவு என்று ஒப்பிடவே முடியாது. தண்ணீர் இல்லாத ஓட்டத்துக்கான பாதுகாப்பை விலை அதிகம் என்று வெட்டுபவர்கள் உண்டு. அடுத்த கோடையில் மோட்டார் எரியும்போது ரீவைண்டிங் செலவில் அந்த மிச்சம் போய்விடும்.

கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். ஒரே ஒரு தயாரிப்புக்கு மட்டும் பொருந்தும் அளவை எழுதுவதும் பெயர் எழுதுவதற்குச் சமம்தான். எழுதி முடித்ததும் குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களின் அட்டவணையை எடுத்து, மூன்றும் இந்த விவரக்குறிப்புக்குள் வருகிறதா என்று சரிபாருங்கள். வராவிட்டால் குறிப்பைத் தளர்த்துங்கள்.

5. மதிப்பீடு

கட்டுமானப் பணிக்கு நடப்பு ஆண்டு பொதுப்பணித்துறை விலைப்பட்டியல் இருக்கிறது. மோட்டார் போன்ற பொருளுக்குச் சந்தை விலை வேண்டும். உள்ளூர்க் கடையில் மட்டும் கேட்டால், அந்தக் கடைக்காரரே நாளை டெண்டரில் வருவார். மதிப்பீடு எவ்வளவு என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பக்கத்து ஒன்றியங்கள் கடந்த ஆறு மாதத்தில் இதே பொருளை வாங்கிய விலையைக் கேட்டு வாங்குங்கள். கோயம்புத்தூர் தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு லீடு சார்ஜ், அதாவது பொருளைத் தூரம் கொண்டுபோகும் கூலி, போட மறக்க வேண்டாம். சமவெளி விலையில் மதிப்பீடு போட்டுவிட்டு, மலைக்கு யாரும் டெண்டர் போட வரவில்லையே என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

6. மிகக் குறைந்த விலை வந்தால்: நேபாளத்திடம் எடுக்கலாம், வங்கதேசத்திடம் எடுக்கக் கூடாது

வேலையைப் பிடிக்க 30, 35 சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டு, பாதியில் விட்டுப் போவது எல்லா நாட்டிலும் உண்டு. இரண்டு நாடுகள் இரண்டு வழியில் இதைக் கையாண்டன.

வங்கதேசம் 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது: உள்நாட்டுப் பணி டெண்டர்களில், அரசு மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ கூடினாலோ நிராகரிப்பு. பார்க்க நியாயமாகத் தெரியும். நடந்தது என்ன? மதிப்பீடு கசிந்தது, பலரும் மிகச் சரியாகப் பத்து சதவீதம் குறைத்து ஒரே தொகை போட்டார்கள். விலை சமமானதும் பழைய வேலைகளின் எண்ணிக்கையும் மதிப்பும் பார்த்துத் தேர்வு நடந்தது. ஏற்கெனவே நிறைய வேலை செய்தவருக்கே மேலும் வேலை போனது, புதியவர்கள் உள்ளே வர முடியவில்லை. 2025இல் அந்த வரம்பை எடுத்தார்கள். நம் ஊரிலும், மதிப்பீட்டில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே வந்தால் தள்ளிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நேபாளத்தின் வழி வேறு. குறைத்துப் போடு, ஆனால் அதற்கேற்பப் பணத்தைப் பிடித்து வைக்கிறேன் என்பது அது. விலை மதிப்பீட்டைவிட 15 சதவீதம் வரை குறைந்தால் சாதாரணமாக, போட்ட விலையில் 5 சதவீதச் செயல்திறன் காப்புத்தொகை (வேலையை ஒழுங்காக முடிப்பதற்குப் பிணையாகக் கட்டும் பணம்). அதற்கும் கீழே போனால், மதிப்பீட்டின் 85 சதவீதத்துக்கும் போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

வேறொரு பணிக்கு மதிப்பீடு 20 லட்சம், ஒருவர் 13 லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்தில் 85 சதவீதம் 17 லட்சம். வித்தியாசம் 4 லட்சம், பாதி 2 லட்சம். 13 லட்சத்தில் 5 சதவீதம் 65,000. ஆக 2 லட்சத்து 65 ஆயிரம் கட்ட வேண்டும். நிஜமாகவே 13 லட்சத்துக்கு முடிக்கத் தெரிந்தவர் கட்டுவார். விளையாட்டுக்குப் போட்டவர் விலகுவார்.

இந்தச் சூத்திரத்தை நீங்களாக நிபந்தனையில் எழுதக் கூடாது. முதல் படியில் சொன்ன மூன்றாம் பத்தி விஷயம் இது. நம் மாநிலப் பணி டெண்டர்களிலேயே குறைந்த விலைக்குக் கூடுதல் வைப்புத்தொகை நிபந்தனை இருக்கிறது. உங்கள் துறை ஆணையில் உள்ள விகிதத்தைத்தான் போட வேண்டும். நேபாளக் கணக்கை உங்கள் மேசையில் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளுங்கள். 85 சதவீதத்துக்குக் கீழே விலை வந்தால், உருப்படி வாரியாக விலைப் பகுப்பாய்வை எழுத்தில் கேளுங்கள். மோட்டாருக்கு அடக்க விலைக்கும் கீழே போட்டுவிட்டுக் கேபிளுக்கு இரட்டை விலை போட்டிருந்தால் அந்தத் தாளில் தெரிந்துவிடும். கூடவே துறை ஆணைப்படி கூடுதல் வைப்புத்தொகையை வாங்காமல் பணி ஆணை கொடுக்காதீர்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் வாங்கவே முடியாது.

7. அறிவிப்பும் ஆவணமும்

மாநில டெண்டர் தளத்தில் ஏற்றுவதோடு, மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழுக்கும் (டெண்டர் புல்லட்டின்) நேரத்தில் அனுப்புங்கள். ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் ஊர்களில் சுருக்கத்தை அந்த மொழியிலும் எழுதி ஒட்டினால் சின்ன ஒப்பந்ததாரர்கள் வருவார்கள்.

விலைப்பட்டியல் கோப்பில் அடிக்கடி சிக்கல் வரும். தளத்திலிருந்து இறக்கிய எக்செல் கோப்பின் பெயரை மாற்றினாலோ, அதில் வரிசையைச் சேர்த்தாலோ தளம் ஏற்காது. புதிய ஒப்பந்ததாரர் கடைசி மணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்துத் தவிப்பார். அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தை மாலை 3 மணி என்று வையுங்கள், நள்ளிரவு வேண்டாம். தளம் சுணங்கினால் உதவிக்கு ஆள் இருப்பார்கள்.

தகுதி நிபந்தனையில் கை வைக்கும்போது கவனம். “இதே ஒன்றியத்தில் மூன்று ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும்” என்பது உள்ளூர்ப் பாசமாகத் தெரியலாம், போட்டியை அடைக்கும் பூட்டு அது. 4 லட்ச ரூபாய் மோட்டாருக்கு 1 கோடி ஆண்டு வருவாய் கேட்பதும் அப்படித்தான்.

யாராவது சந்தேகம் கேட்டால் அவருக்கு மட்டும் தொலைபேசியில் விடை சொல்லக் கூடாது. கேட்டவர் பெயரை விட்டுவிட்டு, கேள்வியையும் பதிலையும் எல்லோருக்கும் தெரியும்படி தளத்தில் ஏற்றுங்கள்.

8. திறப்பும் ஆய்வும்

கடைசி நேரம் முடிந்ததும் தாமதிக்காமல் திறக்க வேண்டும். இடைவெளி கூடக் கூட வதந்தியும் கூடும். ஆய்வுக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும், டெண்டர் போட்டவர்களில் எனக்கு உறவோ கூட்டோ இல்லை என்று ஒப்பந்ததாரர் பட்டியலைப் பார்த்த பிறகு கையெழுத்திட வேண்டும். பட்டியலைப் பார்க்கும் முன்பே வாங்கிய கையெழுத்துக்கு அர்த்தமில்லை. சின்ன ஊரில் மாமன், மச்சான் இல்லாமல் ஒரு குழு அமைப்பது கஷ்டம்தான். இருந்தால் சொல்லிவிட்டு விலகுவது போதும்.

நிராகரிப்புக்குக் காரணம் எழுதும்போது, எந்த நிபந்தனை எண், எந்தத் தாள் இல்லை என்று எழுதுங்கள். “தகுதி இல்லை” என்று ஒற்றை வரி எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. விலை குறைக்கப் பேசுவதென்றால் குறைந்த விலை போட்டவரிடம் மட்டும். இரண்டாம் ஆளைக் கூப்பிட்டு, நீ குறைப்பாயா என்று கேட்பதற்கு நம் சட்டத்தில் இடமில்லை.

9. முடிவைச் சொல்வது, பிறகு பொறுத்திருப்பது

நேபாளச் சட்டத்தில் ஒரு நல்ல இடைவெளி உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், இவரை ஏற்க இருக்கிறோம் என்று அவருக்கு அறிவிப்பு போகும். அவர் பெயர், முகவரி, தொகை மற்ற ஒப்பந்ததாரர்களுக்கும் போகும். 7 நாளில் முறையீடு வராவிட்டால்தான் ஒப்பந்தம். வேலை தொடங்கிய பிறகு வரும் வழக்கைவிட, தொடங்கும் முன் வரும் புகார் மலிவு என்பதே இதன் கணக்கு.

இதை அப்படியே எடுக்க முடியாது. ஏற்பு முடிவு வரும்வரை ஆய்வு விவரம் வெளியே போகக் கூடாது என்பது நம் விதி. முடிவுக்கு முன்பே பெயரைச் சொன்னால் அதுவே மீறலாகும். ஆனால் முடிவு எடுத்த பிறகு என்ன செய்யலாம் என்பதில் இடம் இருக்கிறது. ஏற்பு ஆணை கையெழுத்தான அன்றே, தோற்ற எல்லோருக்கும் காரணத்தோடு கடிதம் அனுப்புங்கள்; ஏற்ற விவரத்தையும் நிராகரித்த காரணத்தையும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்கும் அனுப்புங்கள். ஒப்பந்தக் கையெழுத்தையும் பணி ஆணையையும் 10 நாள் கழித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் காலமும் 10 நாள்தான். மூன்றாம் படியின் அட்டவணையில் ஒப்பந்தத்துக்கு 10 நாள் விட்டது இதற்காகத்தான்.

பலர் செய்வது நேர் எதிர்: வென்றவருக்கு அன்றே பணி ஆணை, தோற்றவர்களுக்குக் கடிதமே இல்லை. அவர்கள் தகவல் உரிமை மனு போட்டுத் தெரிந்துகொள்ளும்போது மோட்டார் கிணற்றுக்குள் இருக்கும்.

10. பொருள் வந்ததும் அளந்து வாங்குங்கள்

பெட்டியைப் பிரிக்கும்போதே பெயர்த்தகட்டைப் படம் எடுங்கள்: வரிசை எண், தர முத்திரை, உயரம், நீரளவு. கேபிளை அளந்து பாருங்கள். பில்லில் 150 மீட்டர் என்று இருக்கும். இறக்கிய பிறகு அளக்க வழியில்லை. கிணற்றில் இறக்கும் முன் மெக்கர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்து மோட்டாரின் மின்காப்புத் தன்மையைப் பார்த்து எழுதுங்கள்.

ஓடவிட்ட பிறகு நீரளவுச் சோதனை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு நீர்மட்டம் நிலைத்த பிறகு, தொட்டியின் மேலே விழும் குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 80 லிட்டர் என்றால் இரண்டரை நிமிடத்தில் நிரம்ப வேண்டும். மூன்றரை நிமிடம் ஆனால் 57 லிட்டர்தான் வருகிறது. அப்போது அந்த நேரத்து மின்னழுத்தத்தையும் குறியுங்கள். மின்னழுத்தம் குறைவாக இருந்ததால் வந்த குறை என்று சப்ளையர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கலாம். சரியான மின்னழுத்தத்தில் மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தரையில் குழாயைப் பிரித்து அளந்தால் 15 மீட்டர் உயரம் கணக்கில் வராது, அளவு கூடுதலாகக் காட்டும். சோதனை முறையை டெண்டர் ஆவணத்திலேயே எழுதியிருந்தால்தான் இந்த இடத்தில் வாக்குவாதம் வராது.

சாட்சிக்கு யார் என்பதில் வங்கதேசமும் நேபாளமும் உதவும். வங்கதேசத்தில் உள்ளூர் மக்கள் குழுக்களுக்கு எளிய சரிபார்ப்புத் தாள் கொடுத்துப் பணியிடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நேபாளத்தில் பயனாளர் குழு செய்யும் வேலைகளுக்குச் செலவுக் கணக்கை ஊர் கூடிப் பார்ப்பது நடைமுறை. நமக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே “மோட்டார் வாங்கப்பட்டது, செலவு இவ்வளவு” என்று வாசித்து நகர்ந்தால் ஒன்றும் நடக்காது. அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு பெண்கள், டேங்க் ஆபரேட்டர், ஒரு வார்டு உறுப்பினர் ஆகியோரை டிரம் சோதனைக்கே கூப்பிட்டு, தாளில் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளைக் கிராம சபையில் வாசியுங்கள்.

பணியிடப் பலகையில் தொகை, சப்ளையர், பணி ஆணைத் தேதி ஆகியவற்றோடு, “நிமிடத்துக்கு 80 லிட்டர், உத்தரவாதம் இந்தத் தேதி வரை” என்றும் எழுதுங்கள். தொகையைப் பார்த்து ஊர்க்காரர் ஒன்றும் செய்ய முடியாது. லிட்டரைப் பார்த்து அவரே அளந்துகொள்வார்.

சோதனை சரியாக வந்தால் பணத்தை இழுத்தடிக்காதீர்கள். தாமதமாகப் பணம் தரும் அலுவலகத்துக்கு அடுத்த முறை எல்லோரும் கூட்டித்தான் விலை போடுவார்கள்.

11. ஒரு பக்கப் பதிவேடு

வங்கதேசத் தளத்தின் பெரிய பயன், எத்தனை பேர் போட்டியிட்டார்கள், எவ்வளவு நாள் ஆனது என்ற தரவு தானாகச் சேர்வது. நமக்கு ஒரு எக்செல் தாள் போதும். ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு வரி: பொருள், மதிப்பீடு, ஏற்ற விலை, ஆவணம் இறக்கியவர்கள், ஒப்பந்தப்புள்ளி தந்தவர்கள், தகுதி பெற்றவர்கள், அறிவிப்பு முதல் பணி ஆணை வரை ஆன நாள், சோதனை முடிவு, உத்தரவாதக் காலத்தில் பழுது, பணம் கொடுத்த தேதி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். ஒரே பொருளுக்குத் தொடர்ந்து ஒற்றை ஆள்தான் வருகிறார் என்றால், விவரக்குறிப்பையும் தகுதி நிபந்தனையையும் நான்காம், ஏழாம் படிகளில் சொன்னபடி மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆவணத்தைப் பலர் இறக்கி, ஓரிருவர் மட்டும் போட்டிருந்தால், இறக்கியும் போடாதவர்களில் இரண்டு பேரை அடுத்த டெண்டர் வெளியாகும் முன் எழுத்தில் காரணம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: அவகாசம் போதவில்லை, மலைக்கு மதிப்பீடு கட்டாது, போன வேலைக்குப் பணம் இன்னும் வரவில்லை.